ஆரஞ்சு என்று பேர் வைத்த பிறகு வந்த ஆரஞ்சு

ஜனவரி 9 — கேள்வி

தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு என்ற ஊரில் 1958இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். பின்கட்டில் இரண்டு பெரிய ஆரஞ்சு மரம் நிற்கிறது. ஊர் முழுக்க ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்பாம், அதனால்தான் இந்தப் பேராம், டிஸ்னிலேண்ட் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டதாம். வீடு காட்டியவர் சொன்னது. இதில் எவ்வளவு சரி? அந்த இரண்டும் தோப்புக் காலத்து மரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜனவரி 9, இரவு

தோப்பு இருந்தது சரி. மற்ற இரண்டும் தப்பு. பேரிலிருந்து தொடங்குகிறேன்.

ஊருக்கு முதலில் வைத்த பேர் ரிச்லேண்ட். ஆல்ஃபிரெட் சாப்மன், ஆண்ட்ரூ கிளாசல் என்ற இரண்டு லாஸ் ஏஞ்சலஸ் வக்கீல்கள். சாந்தியாகோ தே சாந்தா ஆனா என்ற பழைய ஸ்பானியப் பெருநிலத்தைப் பங்கு பிரிக்கும் வழக்கை நடத்தினார்கள், ஃபீஸாக நிலம் வந்தது. கிளாசலின் தம்பி வில்லியம் 1871 வாக்கில் நடுவில் ஒரு திடல் விட்டு, சுற்றிலும் மனை பிரித்து விற்றார். தபால் நிலையம் கேட்டு விண்ணப்பித்தபோதுதான் சிக்கல். சாக்ரமென்டோ பக்கம் ஏற்கெனவே ஒரு ரிச்லேண்ட் இருந்தது. 1873இல் பேரை ஆரஞ்சு என்று மாற்றினார்கள். அப்போது அங்கே விளைந்தது பார்லி, கோதுமை, திராட்சை. ஆரஞ்சு அந்தச் சமயத்தில்தான் கன்றாக நடப்பட்டுக்கொண்டிருந்தது. மனை விற்பவனுக்கு அது காதுக்கு இனிய பேர், அவ்வளவுதான். சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் பேர் வைத்தார் என்று ஒரு கதை ஊரில் சுற்றுகிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஆரஞ்சு நிஜமாகவே ஊரைப் பிடித்தது திராட்சை செத்த பிறகு. 1880களின் நடுவில் பக்கத்து அனஹைமில் தொடங்கிக் கொடிகள் சில வருஷத்தில் கருகிப் போயின. இலை ஓரம் தீய்ந்தது போல் ஆகும், காய் சுருங்கும், கொடி சாகும். நியூட்டன் பியர்ஸ் என்பவர் அரசாங்கத்துக்காக அதை ஆராய்ந்தார், இன்று அவர் பேரிலேயே பியர்ஸ் நோய் என்கிறார்கள். இலையில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி பரப்பும் பாக்டீரியா அது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. கொடியைப் பிடுங்கிய நிலத்தில் வால்நட்டும் ஆரஞ்சும் ஏறின.

ஜனவரி 10

டிஸ்னிலேண்ட். 1954 ஜூலையில் வேலை தொடங்கி 1955 ஜூலை 17 அன்று திறந்தார்கள். ஊர் அனஹைம். பரப்பு 160 ஏக்கர், ஆரஞ்சும் வால்நட்டும் நின்ற நிலம். 1940களில் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) வலென்சியா என்ற ஆரஞ்சு ரகம் மட்டும் 60,000 ஏக்கருக்கு மேல். 160 என்பது அதில் கால் சதவீதம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சாந்தா ஆனா விரைவுச்சாலை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சாலை முன்னே, பூங்கா பின்னே.

தோப்பைத் தின்றது வீடு. ஆரஞ்சு ஊரின் மக்கள்தொகை 1950இல் 10,027. 1960இல் 26,444. 1970இல் 77,374. கவுண்டி மொத்தம் 1950இல் 2,16,224 பேர், 1970இல் 14,20,386. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு முன்பணமே இல்லாத அளவுக்கு வீட்டுக்கடன். லாஸ் ஏஞ்சலஸ் வேலைக்குப் போய்வர விரைவுச்சாலை. விமானத் தொழிற்சாலைகள். இவை மூன்றும் சேர்ந்தால் 10 ஏக்கர் தோப்பு எத்தனை வருஷம் தாங்கும்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10 ஏக்கர் சதுரம் என்றால் ஒரு பக்கம் 660 அடி. தெரு, நடைபாதை போக 7,000 சதுர அடி மனை ஏக்கருக்கு நாலு, நாலரை விழும். அதாவது 40, 45 வீடு. மரம் 22 அடிக்கு 22 அடி இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 90. ஆக, ஒரு தோப்பில் 900 மரம். கட்டுபவர் மனைக்கு ஒன்றோ இரண்டோ விட்டுவிட்டு மீதியை புல்டோசரால் தள்ளிக் குவித்து எரித்தார். "பழமரத்தோடு வீடு" என்று விளம்பரம் செய்யவும் அது உதவியது. உங்கள் பின்கட்டில் நிற்கும் இரண்டும் அப்படித் தப்பியவையாக இருக்கலாம்.

ஜனவரி 10, மாலை

கண்டுபிடிக்கும் வழி.

முதலில் நேர்க்கோடு பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் மரத்தையும் இரண்டு பக்கத்து வீட்டு மரத்தையும் குறித்துக் கோடு இழுங்கள். வேலிகளைத் தாண்டி ஒரே வரிசையில், 22 அடியிலோ அதன் மடங்கிலோ (44, 66) நின்றால் தோப்பு மரம். வீட்டுக்காரர் வாங்கி நட்ட கன்று சுவர் ஓரத்திலோ மூலையிலோ நிற்கும். அடுத்த வீட்டு மரத்தோடு அது வரிசை சேராது.

இரண்டாவது, அடிமரத்தில் ஒட்டு. மண்ணிலிருந்து நாலைந்து அங்குலம் முதல் ஒரு அடிக்குள் பட்டையின் நிறமோ சொரசொரப்போ சட்டென்று மாறும் கோடு ஒன்று இருக்கும். அதற்குக் கீழே வேருக்காக வைத்த வேறு ரகம், அதாவது வேர்ச்செடி. மேலே அதில் ஒட்டிய வலென்சியா.

மூன்றாவது, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்து. எல்லாரும் இதை உடனே வெட்டி எறிவார்கள், ஒரு நிமிஷம் இலையைப் பாருங்கள். ஒற்றை இலை, காம்பில் அகலமான சிறகு, கசக்கினால் நம்ம கிடாரங்காய் இலைபோல வாசனை என்றால் வேர்ச்செடி புளிப்பு ஆரஞ்சு. அது பழைய தலைமுறை. இலை வில்வம் போல மூன்று பிரிவாக வந்தால் வேர்ச்செடி ட்ராயர் அல்லது கரிசோ என்ற பிந்தைய ரகம். ட்ராயர் நாற்றங்காலுக்குப் போனது 1952இல். அப்படியானால் மரம் அதற்குப் பிறகு நட்டது. பார்த்து முடித்ததும் போத்தை அடியோடு கிள்ளிவிடுங்கள். விட்டால் மேல்மரத்தை அமுக்கிவிட்டு அது மரமாகிவிடும், காய் வாயில் வைக்க முடியாது.

ஜனவரி 12

மேலே 22 அடி என்று அழுத்திச் சொன்னதைத் தளர்த்திக்கொள்கிறேன். 20க்கு 20 நட்ட தோப்பும் உண்டு, ஏக்கருக்கு 108 மரம் வரும். 24 அடியும் உண்டு. கிழக்கே குன்றடியில், வில்லா பார்க் பக்கம், சரிவை ஒட்டி வளைந்த வரிசை. அங்கே நேர்க்கோடு எதிர்பார்க்காதீர்கள். இடைவெளி எவ்வளவு என்பதைவிட, அண்டை மனைகளிலும் அதே இடைவெளி திரும்ப வருகிறதா என்பதுதான் சாட்சி.

இன்னொரு அடையாளம் விட்டுப்போயிற்று: தைலமரம். தெருவோரமாக ஒரே வரிசையில் வானம் தொடும் பழைய தைலமரங்கள் நின்றால் அது தோப்பின் காற்றுத்தடுப்பு. நீலகிரியில் வெள்ளைக்காரன் நட்ட அதே ஆஸ்திரேலிய இனம். சாந்தா ஆனா காற்று பாலைவனத்திலிருந்து வறண்டு வீசும்போது காய் கிளையில் உரசித் தோல் கீறிவிடும். கீறிய காய் முதல் தரத்தில் சேராது.

ஜனவரி 15

"பனிக்கு டயர் எரித்துப் புகை போட்டுக் காப்பாற்றினார்களாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டயர் எரித்தவர்கள் உண்டு. முறையான ஏற்பாடு எண்ணெய் அடுப்பு. புகை காப்பாற்றியது என்பது அந்தக் காலத்துத் தோப்புக்காரர்கள் பலரே நம்பிய தப்பு.

காய் உறைவது ஏறத்தாழ 28 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதுவும் சில மணி நேரம் நீடித்தால். காற்றில்லாத, மேகமில்லாத குளிர்கால இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தங்கும். 40, 50 அடி உயரத்தில் காற்று பல டிகிரி வெதுவெதுப்பாகவே இருக்கும். அடுப்பின் வேலை கீழ்க்காற்றைச் சூடாக்கி மேலேற்றி, அந்த வெதுவெதுப்பான அடுக்கோடு கலக்க வைப்பது. சூடு போதாமல் புகை மட்டும் வந்தால் எண்ணெய் வீண். பெரிய நெருப்பாகப் போட்டாலும் வீண்: அனல் அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும், சுற்றிலும் இருந்து குளிர்காற்று உள்ளே இழுபடும். அதனால்தான் சின்னச் சின்னதாக, இரண்டு மரத்துக்கு ஒன்று, ஏக்கருக்கு 45, 50 வைத்தார்கள்.

தகரத்தொட்டி, மேலே புகைக்குழாய், காற்று விடும் மூடி. தொட்டி கொள்வது 9 காலன் போல. மூடித்துளையைத் திறக்கும் அளவைப் பொறுத்து மணிக்கு அரை காலனிலிருந்து ஒரு காலன் வரை எரியும். முக்கால் காலன் என்று வையுங்கள்: 45 அடுப்பு, 6 மணி நேரம், ஏக்கருக்கு 200 காலன். 10 ஏக்கருக்கு ஒரே ராத்திரியில் 2,000 காலன். குளிர் அடுத்தடுத்து ஒரு வாரம் நீடித்தால் வருஷத்து லாபம் தொட்டியிலேயே எரிந்துபோகும். 1913 ஜனவரி, 1937 ஜனவரி இரண்டும் அப்படிப்பட்டவை. 1913 தான் அடுப்பைப் பரவலாக்கியது.

அடுப்பை எப்போது கொளுத்துவது என்பதே பெரிய தீர்மானம். வானிலைத் துறையின் ஃபிளாய்ட் யங் ராத்திரி எட்டு மணிக்கு வானொலியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எத்தனை டிகிரி விழும் என்று சொல்வார். அதைக் கேட்காமல் தோப்புக்கார வீட்டில் யாரும் படுக்கப் போனதில்லை.

ஜனவரி 16

காலையில் ஊர் முழுக்கக் கரி படிந்திருக்கும், பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் மூக்குத் துவாரம் கருத்திருக்கும் என்பதெல்லாம் உண்மை. அதுவே பிறகு சண்டையாயிற்று. தோப்புக்காரன் மட்டும் குடியிருந்தவரை புகை யாருக்கும் குற்றமாகப் படவில்லை. தோப்புக்கு நடுவே துணி காயப்போடும் குடும்பங்கள் குடிவந்ததும் புகை, விடிகாலை மருந்துத் தெளிப்பு, டிராக்டர் சத்தம் எல்லாமே புகாராயின. 1940களின் கடைசியிலிருந்து புகைமூட்டத்துக்கு எதிரான விதிகள் இறுகின. பழைய திறந்த தொட்டிகள் போய், புகை குறைந்தவை வந்தன. பிறகு கம்பத்தின் மேல் சுழலும் காற்றாடி இயந்திரம். மேலடுக்கின் வெதுவெதுப்பைக் கீழே தள்ளுவது அதன் வேலை, எண்ணெய் அடுப்பைவிடச் செலவு குறைவு. ஆனால் அதை நிறுத்த மூலதனம் வேண்டும். அடுத்த வருஷம் விற்றுவிடலாமா என்று யோசிப்பவன் எப்படி வாங்குவான்?

ஜனவரி 23

வீடு தின்றது என்று முன்னே ஒரே அடியாகச் சொல்லியிருந்தேன். அது பாதிதான். மரமே செத்துக்கொண்டிருந்தது.

1939 வாக்கில் கோவினா பக்கம் நல்ல மரங்கள் திடீரென்று வாடத் தொடங்கின. இலை தொய்ந்து, காய் மரத்திலேயே சுருங்கித் தொங்க, சில வாரத்தில் மரம் முடிந்துபோகும். 'விரைவுச் சரிவு' என்று பேர் வைத்தார்கள். 1946இல் ஃபாசெட், வாலஸ் இருவரும் இது ஒட்டு வழியாகத் தொற்றும் வைரஸ் என்று காட்டினார்கள். தென்னமெரிக்காவில் டிரிஸ்டீசா என்று கூப்பிட்ட அதே நோய். கலிஃபோர்னியாவில் பரப்பியது பருத்தி அசுவினி.

செத்தது ஏன் என்பதுதான் விஷயம். வலென்சியா தனியாக இருந்தால் இந்த வைரஸைத் தாங்கும். புளிப்பு ஆரஞ்சு வேரின் மேல் ஒட்டிய வலென்சியா தாங்காது. ஒட்டுக்குக் கீழே பட்டையின் உணவுக்குழாய்கள் செத்துவிடும். இலை செய்யும் மாவுச்சத்து வேருக்கு இறங்காது, வேர் பட்டினியில் சாகும், பிறகு மேலே வாடல். ஒட்டுக்குக் கீழே சின்னதாகப் பட்டையைச் செதுக்கி உள்பக்கம் பார்த்தால் தேன்கூடு போல நுண்துளைகள் தெரியும்.

புளிப்பு ஆரஞ்சை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? முந்தைய நோய்க்கு அதுதான் மருந்து. ஈரமான மண்ணில் அடிமரம் பிசின் ஒழுகிச் சாகும் பூஞ்சை நோய்க்கு அது நன்றாகத் தாங்கும், பழமும் நன்றாக வரும். ஒரு நோய்க்கு எல்லாரும் ஒரே வேரில் ஏறினார்கள், அடுத்த நோய் அந்த வேரையே தேடி வந்தது. குடகு ஆரஞ்சு சரிந்ததிலும் இந்த வைரஸுக்குப் பங்கு உண்டு என்பதால் நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இப்போது 1952இல் ஒரு தோப்புக்காரரின் கணக்கைப் பாருங்கள். மூன்றில் ஒரு மரம் போய்விட்டது. புதுக்கன்று வைத்தால் நல்ல காய்ப்புக்கு ஆறேழு வருஷம். பக்கத்துத் தோப்பு மனையாகிவிட்டது, அதனால் வரி மதிப்பீட்டாளர் இவர் நிலத்தையும் மனை விலையில் மதிப்பிடுகிறார். ஆரஞ்சு வருமானத்தில் மனை வரி கட்ட முடியாது. விவசாய நிலத்தை விவசாயமாகவே மதிப்பிட வழிசெய்த வில்லியம்சன் சட்டம் வந்தது 1965இல். ஆரஞ்சு ஊருக்கு அது வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 2

சாப்மன் குழப்பம். ஊர் நடுவே ஓடும் சாப்மன் அவென்யூவும் ஊரிலுள்ள சாப்மன் பல்கலைக்கழகமும் ஒரே ஆளின் பேர் இல்லை. தெரு, வக்கீல் ஆல்ஃபிரெட் சாப்மன். பல்கலைக்கழகம், ஃபுல்லர்ட்டனில் 'ஓல்ட் மிஷன்' என்ற முத்திரையில் வலென்சியா விற்றுப் பெரும் பணக்காரரான சார்லஸ் சாப்மன், அந்த ஊரின் முதல் மேயர். கல்லூரி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இங்கே இடம் மாறியது 1954இல்.

ஆனால் வக்கீல் சாப்மனுக்கும் வலென்சியாவில் பங்கு உண்டு. 1876இல் இங்கிலாந்தில் தாமஸ் ரிவர்ஸ் நாற்றங்காலிலிருந்து கன்று வரவழைத்தவர் அவர். ரிவர்ஸுக்கு அது அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர் 'எங்கள் ஊரில் தாமதமாகப் பழுக்கும் ரகம் போல இருக்கிறது' என்று சொன்னதால் வலென்சியா என்று பேர் விழுந்தது. ஊர்ப் பேரைப் போலவே இதுவும் பொருளோடு நேரடித் தொடர்பில்லாமல் ஒட்டிக்கொண்ட பேர்.

பிப்ரவரி 11

பறிப்பும் பேக்கிங்கும். இதைப் பற்றி யாருமே கேட்காதது வருத்தம். ஊரின் உழைப்பெல்லாம் இங்கேதான்.

ஆரஞ்சைப் பிடுங்கக் கூடாது. கையுறை போட்டு, முனை மழுங்கிய வளைகத்திரியால் இரண்டு வெட்டு. முதல் வெட்டு காம்பை நீளமாக விட்டு, இரண்டாவது தோலோடு ஒட்ட. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் தோல் கீறும். நீளக்காம்பை விட்டால் பெட்டியில் அடுத்த காயைக் குத்தும். குத்திய இடத்தில் பச்சைப்பூஞ்சை, நீலப்பூஞ்சை. 1900களின் தொடக்கத்தில் கிழக்கே போகும் ரயில் பெட்டிகளில் பழம் அழுகுவது பெரிய தலைவலி. ரயில்காரனைக் குற்றம் சொன்னார்கள். வேளாண் துறையின் ஹரால்ட் பவல் வந்து பார்த்து, அழுகலின் ஆரம்பம் ரயிலில் இல்லை, கத்திரியிலும் விரல்நகத்திலும் பெட்டி ஆணியிலும்தான் என்று காட்டினார். தோப்புக்குத் தோப்பு பறிக்கும் முறையே மாறியது.

பறித்த காய் அடி திறக்கும் கான்வாஸ் பைக்குள். பையைக் கவிழ்க்கக் கூடாது. பெட்டிக்குள் இறக்கி வைத்து அடியைத் திறந்தால் மெல்ல வழியும். பிறகு பேக்கிங் ஹவுஸ்: சோப்புத்தண்ணீர்த் தொட்டி, தூரிகை, உலர்த்தி, தரம் பிரிக்கும் மேசை, அளவு பிரிக்கும் உருளைகள். அளவுக்குப் பேரே பெட்டிக்கு எத்தனை காய் என்பதுதான்: 126, 150, 176, 200, 216, 252, 288. எண் கூடினால் காய் சின்னது. பெண்கள் நின்றபடியே ஒவ்வொரு காயையும் மெல்லிய தாளில் ஒரே சுழற்றலில் சுற்றி, குறுக்குவரிசையில் அடுக்குவார்கள். நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி, சுமார் 70 பவுண்டு. மூடி வளைந்து நிற்கும் அளவுக்கு ஏற்றிக் கட்டினால்தான் வழியில் காய் ஆடாது. பெட்டி முகத்தில் பத்துக்குப் பதினோரு அங்குல வண்ண லேபிள். 1950களின் நடுவில் அட்டைப்பெட்டி வந்தது, லேபிள் செத்தது.

சாந்தியாகோ ஆரஞ்சு க்ரோவர்ஸ் அசோசியேஷன் 1918இல் கட்டிய பேக்கிங் ஹவுஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைப்ரஸ் தெருவில் இன்னும் நிற்கிறது. வில்லா பார்க் ஆர்ச்சர்ட்ஸ் என்ற பேரில் 2006 வரை ஓடியது. இப்போது பல்கலைக்கழகத்தின் கையில். வீடு பதிவான கையோடு போய்க் கூரையைப் பாருங்கள், ரம்பப்பல் போல ஏறி இறங்கும். தரம் பிரிக்கும் மேசைமேல் வடக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வடிவம்.

பிப்ரவரி 12

நேற்றைய குறிப்பில் பறித்தவர்கள் யார் என்று எழுதாமல் விட்டது தப்பு. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். குடியிருந்தது சைப்ரஸ் தெருவிலும் கிழக்கே எல் மொடினாவிலும். கூலி பெட்டிக்கு இவ்வளவு. அதில் ஒரு பங்கை 'போனஸ்' என்று பேர் வைத்துப் பருவம் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். நடுவில் போனால் அது போச்சு. 1936 ஜூனில் சுமார் 2,500 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஷெரிஃப் நூற்றுக்கணக்கானோருக்கு ஆயுதம் கொடுத்துக் காவலாளியாக்கினார். ஜூலைக் கடைசியில் முடிந்தது, சிறிய கூலி உயர்வோடு.

எல் மொடினாவில் லிங்கன், ரூஸ்வெல்ட் என்று இரண்டு பள்ளிகள், ஒரே திடலின் இரு பக்கம். ஒன்று மெக்சிகோக்காரப் பிள்ளைகளுக்கு, மற்றது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. 1945இல் ஐந்து தகப்பன்மார் வழக்குப் போட்டார்கள், அதில் எல் மொடினாவின் லொரென்சோ ராமிரெஸ் ஒருவர். மெண்டெஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் என்று பேர். 1946இல் தீர்ப்பு, 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் ஜெயம். நாடு முழுக்கப் பள்ளிப் பிரிவினையை உடைத்த 1954 தீர்ப்புக்கு ஏழு வருஷம் முன்னால். இந்த ஊர் வரலாறு சொல்லும் எவரும் லேபிள் படத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் 3

வீடு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். போத்து ஒற்றை இலை, சிறகு அகலம், அண்டை வீட்டு மரத்தோடு நேர்வரிசை. புளிப்பு ஆரஞ்சு வேரில் நிற்கும் தோப்பு மரம்தான். வைரஸ் வந்த காலத்தைத் தாண்டி நிற்கிறது. இனி பார்க்க வேண்டியவை:

புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் அடிமரத்தை நனைக்கிறதா? உடனே திருப்புங்கள். முன்னே சொன்ன பிசின் நோயை வேர் தாங்கும், மேலே ஒட்டிய வலென்சியாவின் பட்டை தாங்காது. ஒட்டுக்கோடு மண்ணுக்குள் புதைந்திருந்தால் மண்ணை வாரி எடுத்து வெளியே தெரியவிடுங்கள். அம்பர் நிறப் பிசின் தெரிந்தால் அந்த இடத்துச் செத்த பட்டையைச் சுரண்டிக் காயவிட வேண்டும்.

தண்ணீர் அடியில் ஊற்ற வேண்டாம். அடிமரத்திலிருந்து ஒரு அடி விட்டு, கிளைநுனி விழும் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே வரை வட்டப்பாத்தி கட்டுங்கள். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டடி ஆழம் நனையும்படி. தோப்பில் மாதம் ஒருமுறை சால் வழியாக நிறையப் பாய்ச்சிப் பழகிய வேர் அது. தினம் பத்து நிமிஷத் தெளிப்பு அதற்குப் பட்டினி.

கவாத்து கொஞ்சமாக. அடர்த்தியைத் திடீரென்று திறந்துவிட்டால் வெயில் பட்டையை வெடிக்கவைக்கும். திறந்த கிளைகளுக்கு வெள்ளை நீர்ப்பெயின்ட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசுங்கள்.

மண்ணில் கீரை போடும் முன் பரிசோதனை. பழைய தோப்பு நிலத்தில் டிடிடி வகை எச்சமும் ஆர்சனிக்கும் பார்க்கச் சொல்வது வழக்கம். அடுப்பு எண்ணெய் சேமித்த மூலை என்றால் எண்ணெயும். அறிக்கை வரும்வரை கீரையை உயரப்பெட்டியில் புது மண்ணில் வையுங்கள்.

பின்கட்டில் ஏதாவது இடத்தில் தரை உள்வாங்கினால் பதற வேண்டாம். தோப்புக்காரர் புதைத்த சிமென்ட் பாசனக்குழாய் உடைந்திருக்கலாம். தலைப்பில் மடைத்தொட்டி போல ஒரு சிமென்ட் உருளை நிற்கும். நம் ஊர் நீர்க்கட்டிபோல முறைவைத்து அதைத் திறந்துவிட ஒரு ஆள் இருந்தார், ஸ்பானிய மொழியில் ஸான்ஹேரோ.

மார்ச் 24

பூவும் போன வருஷக் காயும் ஒரே கிளையில் இருக்கிறதே, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வலென்சியாவின் இயல்பே அது. இந்த மார்ச்சில் பூத்தது பழுக்க அடுத்த வசந்தம் ஆகும், அதற்குள் அடுத்த பூ வந்துவிடும். பழுத்த காயை மரத்திலேயே செப்டம்பர், அக்டோபர் வரை விடலாம். கோடை வெயிலில் தோல் மறுபடி பச்சையாகும், உள்ளே இனிப்பு குறையாது. ரிவர்சைடின் நேவல் ஆரஞ்சு குளிர்காலத்தில் பழுக்கும். இரண்டும் சேர்ந்துதான் கலிஃபோர்னியா வருஷம் பூராவும் ஆரஞ்சு விற்றது. இந்த ஊரின் பணமெல்லாம் வலென்சியாவின் அந்தப் பொறுமையில் வந்தது.

ஏப்ரல் 6

கறிவேப்பிலை. இங்கே தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் தொட்டியில் ஒன்று இருப்பதால் இதை நிறுத்தி எழுதுகிறேன்.

ஆசியச் சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சி 2008இல் கலிஃபோர்னியாவுக்குள் வந்தது. அது பரப்பும் கிரீனிங் நோய் முதலில் தெரிந்தது 2012இல், ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற இடத்தில், தோப்பில் இல்லை, ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தில். அந்த இடமும் ஒரு காலத்தில் ஆரஞ்சும் எலுமிச்சையும் விளைந்த நிலம்தான். 2017இல் ஆரஞ்சு கவுண்டிக்குள் வந்தது. மருந்து இல்லை. நோய் உறுதியானால் மரத்தை எடுத்தே ஆக வேண்டும்.

சில்லிட் கொழுந்தில் மட்டும் முட்டையிடும். பூச்சி எள் அளவு, தலையைக் கீழே வைத்துப் பின்புறத்தை 45 டிகிரி தூக்கி உட்காரும். குஞ்சு மஞ்சள், அதன் பின்னால் சுருண்ட வெள்ளை மெழுகு நூல். கறிவேப்பிலைக் கொழுந்து அதற்கு ரொம்பப் பிடிக்கும். ஆகவே நோய் பரவாமலிருக்க அரசு வகுத்த தனிமைப்படுத்தல் எல்லைக்குள்ளிருந்து கறிவேப்பிலைச் செடியையோ பச்சைக் கொத்தையோ வெளியே கொண்டு போகாதீர்கள், அக்கா வீட்டுக்கு என்றாலும். கன்று வாங்கினால் சீட்டு ஒட்டிய, உரிமம் பெற்ற நாற்றங்காலில். ஆரஞ்சைக் கொடுப்பதென்றால் காம்பும் இலையும் நீக்கி, கழுவிக் கொடுங்கள்.

இலை பார்க்கும் முறை: நடுநரம்பின் இரு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் துத்தநாகக் குறை, பயமில்லை. இரு பக்கமும் பொருந்தாமல் திட்டுத்திட்டாக மஞ்சள் என்றால் கவலை. காய் கோணி, சிறுத்து, அடிப்பக்கம் பச்சையாகவே நின்று கசந்தால் கவுண்டி வேளாண் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

எறும்பை ஒழியுங்கள். சில்லிட் சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். காவல் போனால் குளவி வேலை செய்யும். பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்த தமாரிக்ஸியா என்ற நுண்குளவியை ரிவர்சைடு பல்கலைக்கழகத்தார் 2011 டிசம்பரில் விடத் தொடங்கினார்கள். 1950களின் கடைசியில் சிவப்புச் செதில்பூச்சியை அடக்கிய குளவியும் இந்தியா, பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்ததுதான். அதற்கு முன் ராத்திரியில் மரத்துக்கு மேல் கூடாரம் போட்டு சயனைடு வாயு விட்டுக்கொண்டிருந்தார்கள், பகலில் விட்டால் இலை தீய்ந்துவிடும் என்று.

ஏப்ரல் 7

ஒரு திருத்தம். கறிவேப்பிலைக்கும் கிரீனிங் வரும் என்ற பொருளில் சிலர் படித்துவிட்டார்கள். அப்படி இல்லை. அது பூச்சிக்கு வீடு, நோய்க்கிருமி அதில் பெருகுவதில்லை. உங்கள் கறிவேப்பிலை நன்றாகவே இருக்கும். அதில் வளர்ந்த பூச்சி பறந்துபோய் நோய்வாய்ப்பட்ட மரம் ஒன்றில் உட்கார்ந்து, பிறகு வேலி தாண்டி அந்த எண்பது வருஷ வலென்சியாவில் உட்கார்ந்தால்தான் ஆபத்து. தொட்டியை அந்த இரண்டு மரத்திலிருந்து வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றுவதால் பெரிய பயன் இல்லை, சில்லிட் அதைவிடத் தூரம் பறக்கும். கொழுந்து விடும் நாட்களில் வாரம் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இலையடியைப் பாருங்கள். வெள்ளை நூல் தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.